துண்டுச் சீட்டிலிருந்து தலைப்பு வரை: மாணவர்களுக்குக் கட்டுரையைப் பகுத்து எழுதக் கற்பித்தல்

திருமங்கலம் பக்கத்துப் பள்ளி ஒன்றில் தமிழாசிரியராகப் பணியேற்ற முதல் ஆண்டில், எட்டாம் வகுப்புக்கு ‘மதுரை மல்லி’ என்று கட்டுரைத் தலைப்புக் கொடுத்து, முன்னுரை, மல்லிகையின் சிறப்பு, மல்லிகையின் பயன்கள், முடிவுரை என நான்கு உட்தலைப்புகளையும் நானே கரும்பலகையில் எழுதிப் போட்டேன். திருத்த எடுத்தபோது எல்லா ஏடுகளிலும் ஏறத்தாழ ஒரே கட்டுரைதான் இருந்தது. விடியுமுன் எழுந்து பெற்றோருடன் பூப்பறித்துவிட்டுப் பள்ளிக்கு வரும் மாணவி ஒருத்தி, ‘மல்லிகை வெண்மையானது, மணம் மிக்கது, பெண்கள் விரும்பிச் சூடுவது’ என்று எழுதியிருந்தாள். மொட்டை எந்தப் பதத்தில் பறிக்க வேண்டும், எந்த மாதத்தில் விலை ஏறும், கமிஷன் கடையில் எடை எப்படிப் போடுவார்கள் என்பதெல்லாம் அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அவற்றை வைப்பதற்கு நான் கொடுத்த நான்கு தலைப்புகளில் இடமே இல்லை.

அதன்பின் கற்பிக்கும் வரிசையையே மாற்றிக்கொண்டேன். முதலில் செய்தி, அடுத்து வகைப்படுத்தல், அதன்பின் உட்தலைப்பு, எல்லாவற்றுக்கும் கடைசியில் தலைப்பு. ஆறாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை புதிதாகக் கட்டுரைப் பயிற்சி நடத்த வரும் ஆசிரியர்களுக்காக அந்த முறையை இங்கே படிப்படியாக எழுதுகிறேன். ஆறு பாடவேளைகள் போதும். அவற்றைத் தொடர்ச்சியாக நடத்தாமல், வாரத்துக்கு இரண்டு வீதம் மூன்று வாரம் நடத்தினால் மாணவர்களுக்குச் செய்தி சேர்க்க நேரம் கிடைக்கும்.

பெயர்களைப் பற்றி ஒரு சொல். கட்டுரை முழுமைக்கும் உரிய பெயரைத் ‘தலைப்பு’ என்றும், அதன் பெரும்பகுதி ஒவ்வொன்றுக்கும் உரிய பெயரை ‘உட்தலைப்பு’ என்றும், அப்பகுதிக்குள் மேலும் பிரிவு வரும்போது இடும் பெயரைச் ‘சிறுதலைப்பு’ என்றும் குறிப்பிடுகிறேன். புணர்ச்சி விதிப்படி ‘உட்டலைப்பு’ என்றே வரவேண்டும். ஆயினும் மாணவர்களுக்குப் பழகிய வடிவத்தையே இங்கே ஆள்கிறேன். நீங்கள் எந்தப் பெயர்களைத் தேர்ந்தாலும் ஆண்டு முழுவதும் அவற்றையே பயன்படுத்துங்கள்.

முதல் பாடவேளை: தலைப்பில்லாத தாளில் தேடவிடுதல்

தலைப்பு எதற்கு என்று விளக்கிச் சொல்வதைவிட, அது இல்லாதபோது படும் பாட்டை மாணவர்களே பட்டு அறிவது நல்லது. திருக்குறளில் வான்சிறப்பு, விருந்தோம்பல், நட்பு ஆகிய மூன்று அதிகாரங்களின் 30 குறள்களையும் வரிசை மாற்றி, அதிகாரப் பெயரின்றி ஒரு தாளில் எழுதிப் படியெடுத்துக்கொள்ளுங்கள். வகுப்பை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு அந்தத் தாளையும் மறுபாதிக்குத் திருக்குறள் நூலையும் கொடுத்து, மழையைப் பற்றிய குறள்களில் ஐந்தை எடுத்தெழுதச் சொல்லுங்கள்.

நூல் வைத்திருப்பவர்கள் பொருளடக்கத்தில் விரலை ஓட்டி, அறத்துப்பாலின் தொடக்கத்திலேயே வான்சிறப்பைக் கண்டுபிடித்து, எழுதவும் தொடங்கிவிடுவார்கள். தாள் வைத்திருப்பவர்கள் முப்பதையும் முதலிலிருந்து படித்தாக வேண்டும். அப்போதும் தவறு நேரும். ‘செல்விருந்து ஓம்பி’ என்று தொடங்கும் விருந்தோம்பல் குறளில் ‘வானத்தவர்’ என்ற சொல் வருவதால், அதையும் மழைக் குறளாக எடுத்து எழுதும் மாணவர் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார். அதைக் குற்றமாகக் கொள்ளாமல், அதிகாரப் பெயர் மேலே இருந்திருந்தால் இந்த மயக்கம் வந்திருக்குமா என்று வகுப்பையே கேளுங்கள். 1330 குறள்களை 133 அதிகாரங்களாகவும், அவற்றை 38, 70, 25 என மூன்று பால்களாகவும் பகுத்து வைத்திருப்பதன் பயனை அந்த ஒரு கேள்வியே உணர்த்திவிடும்.

பாடவேளையின் மீதி நேரத்தில் தமிழ்ப் பாடநூலை எடுக்கச் சொல்லுங்கள். இலக்கணம் எங்கே இருக்கிறது என்று கேட்டால் நேரே ‘கற்கண்டு’ பகுதியைப் புரட்டுவார்கள். செய்யுள் எங்கே என்றால் ‘கவிதைப்பேழை’க்குப் போவார்கள். தலைப்பைப் பயன்படுத்தத் தமக்கு ஏற்கெனவே தெரியும் என்பதை அவர்கள் உணர்ந்தபின், தலைப்பை உருவாக்கும் வேலைக்கு அழைத்துச் செல்வது எளிது.

இரண்டாம், மூன்றாம் பாடவேளைகள்: சீட்டு எழுதுதல், குவித்தல், பெயரிடுதல்

இந்த முறையின் உயிர் இந்த இரண்டு பாடவேளைகளில்தான் இருக்கிறது. நேரம் போதவில்லையென்றால் வேறெதையாவது குறையுங்கள், இதைக் குறைக்காதீர்கள்.

மாணவர்கள் கைப்பட அறிந்த பொருளையே தேர்ந்தெடுக்க வேண்டும். திருமங்கலம், உசிலம்பட்டிப் பகுதிகளில் மல்லிகை, அலங்காநல்லூர், பாலமேட்டுப் பிள்ளைகளுக்கு ஜல்லிக்கட்டுக் காளை வளர்ப்பு, மேலூர்ப் பக்கம் பெரியாற்றுக் கால்வாய்ப் பாசனமும் நெல்லும், நகரத்துப் பிள்ளைகளுக்கு மாசி வீதிக் கடைகள் என்று ஊருக்கு ஏற்பப் பொருள் அமையட்டும். ‘நேர மேலாண்மை’, ‘உலக அமைதி’ போன்றவற்றை முதல் பயிற்சிக்கு எடுத்தால் சீட்டில் எழுதச் செய்தி இல்லாமல் பொன்மொழிகள்தாம் வந்து நிறையும்.

பயன்படுத்திய தாள்களின் வெற்றுப் பக்கத்தை உள்ளங்கை அகலத்துக்கு நறுக்கிக்கொள்ளுங்கள். ஐவர் கொண்ட குழுவில் ஆளுக்கு ஆறு சீட்டு. ஒரு சீட்டில் ஒரே செய்தி, அதுவும் முழு வாக்கியமாக. எங்கள் வகுப்பில் ஒரு குழு எழுதிய சீட்டுகளில் சில இவை: ‘பதியன் தங்கச்சிமடத்திலிருந்து வருகிறது.’ ‘கார்த்திகையில் செடியைக் கவாத்துச் செய்வோம்.’ ‘வெயில் ஏறுமுன் மொட்டைப் பறித்துவிட வேண்டும்.’ ‘அம்மா வாழை நாரை நனைத்துப் பூக் கட்டுவார்.’ ‘மாட்டுத்தாவணிச் சந்தையில் கிலோக் கணக்கு, கடைத்தெருவில் முழக் கணக்கு.’ ‘2013இல் மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.’

எழுதி முடித்ததும் சீட்டுகளைத் தரையில் பரப்பி, ஒன்றோடொன்று சேரக்கூடியவற்றைக் குவிக்கச் சொல்லுங்கள். குவியலுக்குப் பெயர் வைக்க இப்போது அனுமதிக்காதீர்கள். பெயர் முன்னே வந்துவிட்டால், முன்பு படித்த கட்டுரைகளின் ‘சிறப்பு’, ‘பயன்’ ஆகியவை வந்து அமர்ந்துகொள்ளும். இது அதனோடு சேரும், அது இதனோடு சேராது என்ற பேச்சு மட்டுமே நடக்கட்டும்.

அந்தக் குழுவில் ஒரு சீட்டால் பெரிய வழக்கே எழுந்தது. ‘மார்கழிப் பனியில் மொட்டுக் குறைவதால் விலை ஏறும்’ என்று அதில் எழுதியிருந்தது. பனியும் மொட்டும் செடியைப் பற்றியவை, ஆகவே சாகுபடிக் குவியலில் வைக்க வேண்டும் என்றார்கள் இருவர். விலையைப் பற்றியது, ஆகவே சந்தைக் குவியலுக்கு உரியது என்றார்கள் மூவர். தீர்ப்புக் கேட்டு என்னிடம் வந்தார்கள். சீட்டில் எத்தனை செய்தி இருக்கிறது என்று எண்ணிப் பார்க்கச் சொன்னேன். சிறிது நேரம் பார்த்துவிட்டு, பூப்பறிக்கும் வீட்டுப் பையன் ஒருவன் சீட்டை இரண்டாகக் கிழித்து, ‘மார்கழிப் பனியில் மொட்டுக் குறையும்’ என்பதைச் சாகுபடியிலும் ‘வரத்துக் குறைந்தால் விலை ஏறும்’ என்பதைச் சந்தையிலும் வைத்தான். ‘வரத்து’ என்ற சொல் அவன் வீட்டில் நாள்தோறும் புழங்குவது. அதுவரை அவனுடைய கட்டுரை ஏட்டில் அது ஒருமுறைகூட வந்ததில்லை. பகுப்பு என்பது ஒரு செய்தி எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று பார்ப்பதுதான் என அந்தக் குழுவுக்கு நான் தனியாக விளக்க வேண்டியிருக்கவில்லை.

எந்தக் குவியலிலும் சேராத சீட்டுகள் மிஞ்சும். புவிசார் குறியீட்டுச் சீட்டு அப்படித்தான் தனித்து நின்றது. மிஞ்சிய சீட்டுக்கு மூன்று வழிகள் உண்டு: அதைப் பற்றி மேலும் செய்தி திரட்டிப் புதுக் குவியலாக்கலாம், முன்னுரைக்கு எடுத்துக்கொள்ளலாம், விட்டுவிடலாம். மூன்றாவது வழியை எடுக்க மாணவர்கள் மிகவும் தயங்குவார்கள். தெரிந்ததையெல்லாம் எழுதினால்தான் மதிப்பெண் என்ற எண்ணம் வேரூன்றியிருப்பதால், ஒரு நல்ல செய்தியை விட்டுவிட்ட குழுவை வகுப்பின் முன் வெளிப்படையாகப் பாராட்டுங்கள்.

இனிப் பெயரிடலாம். கரும்பலகையில் இந்த வாக்கியத்தை எழுதுங்கள்: ‘இந்தக் குவியலில் உள்ள சீட்டுகள் எல்லாம் ________ பற்றியவை.’ கோடிட்ட இடத்தில் வரும் சொற்களே உட்தலைப்பு. எல்லாக் குவியலுக்கும் ‘மல்லிகையைப்’ என்றே விடை வந்தால் பெயர் மிக அகலமாகிவிட்டது. ‘பறிப்பதையும் விற்பதையும்’ என்று இரண்டு வந்து இணைந்தால், அங்கே இரண்டு குவியல்கள் ஒன்றாகக் கிடக்கின்றன. பெயரிட்டபின் குவியல்களை வரிசைப்படுத்துங்கள். மல்லிகைக்குச் செடியிலிருந்து சந்தை வரையிலான வரிசை இயல்பாகவே அமையும். வேறு பொருளுக்குக் காலவரிசையோ, எளியதிலிருந்து அரியதற்குச் செல்லும் வரிசையோ பொருந்தலாம். ஏன் இந்த வரிசை என்று குழு காரணம் சொன்னால் போதும்.

நான்காம் பாடவேளை: உட்தலைப்பின் சொற்களைச் செப்பமாக்குதல்

பெயரிட்டதும் உட்தலைப்பு முடிந்துவிடுவதில்லை. அதைச் சோதித்துப் பார்க்க மிக எளிய வழி ஒன்று உண்டு. கட்டுரைப் பொருளை மாற்றிப் பாருங்கள். ‘மல்லிகையின் சிறப்பு’ என்பதில் மல்லிகையை எடுத்துவிட்டு வாழையை வைத்தால் ‘வாழையின் சிறப்பு’ என்று அப்படியே பொருந்துகிறது; நூலகம், பசு, வைகை என எதை வைத்தாலும் பொருந்தும். எதற்கும் பொருந்துகிற தலைப்பு, கீழே என்ன இருக்கிறது என்று எவருக்கும் சொல்வதில்லை. ‘வெயிலுக்கு முன் மொட்டுப் பறித்தல்’ என்பதை அப்படி வேறு பொருளுக்குத் தூக்கிச் செல்ல முடியாது. மாணவர்கள் இந்தச் சோதனையை விளையாட்டாகவே விரும்பிச் செய்கிறார்கள்.

அடுத்தது வடிவ ஒற்றுமை. ‘பதியன் வைத்தல்’, ‘கவாத்துச் செய்தல்’, ‘மொட்டுப் பறித்தல்’ என்று மூன்று தொழிற்பெயர்கள் வந்தபின் நான்காவதாக ‘சந்தையில் என்ன நடக்கிறது?’ என்று வினா வந்தால், படிப்பவர் அது வேறு தளத்தைச் சேர்ந்தது போலும் என்று தயங்குவார். எல்லாம் வினாவாக இருக்கலாம், எல்லாம் பெயராக இருக்கலாம். கலந்து வருவதைத் தவிர்க்கப் பழக்குங்கள். ‘பூச்சந்தை’, ‘மொட்டுப் பறித்தல்’ ஆகியவற்றில் வல்லினம் மிகுவதையும் இங்கேயே சுட்டிக் காட்டுங்கள். பத்தியின் நடுவே மறைந்துவிடும் ஒற்றுப்பிழை, தலைப்பில் தனித்து நின்று கண்ணில் குத்தும்.

புதியவர்கள் பெரும்பாலும் கவனிக்காத பிழை மூன்றாவது. ‘புவிசார் குறியீடு’ என்று உட்தலைப்பு எழுதிவிட்டு, அதன் கீழ் முதல் வாக்கியத்தை ‘இது 2013இல் கிடைத்தது’ என்று மாணவர் தொடங்குவார். ‘இது’ எதைச் சுட்டுகிறது? தலைப்பைச் சுட்டுகிறது. ஆனால் தலைப்பு வாக்கியத்தின் உறுப்பு ஆகாது. தலைப்பை விரலால் மறைத்தாலும் கீழேயுள்ள பத்தி தன்னளவில் நிற்க வேண்டும் என்ற விதியைக் கொடுத்து, ‘மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு 2013இல் கிடைத்தது’ என்று திருத்தி எழுதச் செய்யுங்கள்.

முன்னுரை, முடிவுரை என்னும் இரண்டையும் என்ன செய்வது என்று பல ஆசிரியர்கள் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அவை எதற்கும் பொருந்தும் தலைப்புகள்தாம். ஆயினும் பொதுத்தேர்வு விடைத்தாளில் குறிப்புச் சட்டகம் எழுதி, முன்னுரையில் தொடங்கி முடிவுரையில் முடிப்பதையே மாணவர்களும் திருத்துபவர்களும் பழகியிருக்கிறார்கள். எனவே தேர்வுக் கட்டுரையில் அந்த இரண்டையும் இருக்கவிட்டு, இடையில் வரும் உட்தலைப்புகளை மட்டும் சோதனைக்கு உட்படுத்துங்கள். வகுப்பிதழுக்கோ சுவரிதழுக்கோ எழுதும்போது அந்த இரண்டு பெயர்களும் இன்றியே எழுதச் சொல்லலாம்.

ஐந்தாம் பாடவேளை: சிறுதலைப்பும் தலைப்பும்

படிநிலையை விளக்க நம்மூரைவிட நல்ல படம் கிடைக்காது. மீனாட்சியம்மன் கோயிலின் உள்ளே ஆடி வீதி. வெளியே அடுத்தடுத்துச் சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி. ஒவ்வொரு வீதிக்கும் கிழக்கு, மேற்கு, வடக்கு, தெற்கு என நான்கு பக்கங்கள். கரும்பலகையில் ஒன்றுக்குள் ஒன்றாகச் சதுரங்களை வரைந்து பெயர்களை எழுதுங்கள். ‘தெற்கு மாசி வீதி’ என்று ஒருவர் சொன்னால், எந்தச் சுற்று, எந்தப் பக்கம் என்ற இரண்டும் தெரிந்துவிடுகின்றன. ஊர் தலைப்பு, சுற்று உட்தலைப்பு, பக்கம் சிறுதலைப்பு.

இந்தப் படத்திலிருந்தே சிறுதலைப்புக்கான விதியும் கிடைக்கிறது. ஒரே ஒரு பக்கம் மட்டும் உள்ள வீதி இல்லை. அதுபோல ஓர் உட்தலைப்பின் கீழ் ஒரே ஒரு சிறுதலைப்பு வரக்கூடாது. பிரித்தால் இரண்டாவது இருக்க வேண்டும். இல்லையேல் பிரிக்க வேண்டியதில்லை. ஒரு குவியலில் ஏழெட்டுச் சீட்டுகளுக்கு மேல் சேர்ந்திருந்தால் மட்டும் பிரிக்க முடியுமா என்று பார்க்கச் சொல்லுங்கள். ‘விலை மாறும் காலங்கள்’ என்ற குவியல், ‘பனிக்கால ஏற்றம்’, ‘முகூர்த்த நாள் ஏற்றம்’, ‘கோடைச் சரிவு’ என்று மூன்றாகப் பிரிந்தது. பள்ளிக் கட்டுரைக்கு இந்த மூன்று படிகளுக்கு மேல் போகவேண்டிய தேவை வருவதில்லை.

இப்போது தலைப்பு. தொடக்கத்தில் அடையாளத்துக்காக ‘மல்லிகை’ என்று எழுதி வைத்திருந்ததை அடித்துவிட்டு, உட்தலைப்புகள் அனைத்தையும் வரிசையாகப் படித்து, அவற்றை எல்லாம் அடக்கி, அவற்றுக்கு மேல் எதையும் உறுதியளிக்காத பெயரைத் தேடச் சொல்லுங்கள். ‘பூக்கள்’ என்றால் முல்லையும் பிச்சியும் எங்கே என்று படிப்பவர் கேட்பார். ‘மல்லிகை விலை’ என்றால் பதியனும் கவாத்தும் வெளியே நிற்கும். ‘மதுரை மல்லி: செடியிலிருந்து சந்தை வரை’ என்று ஒரு குழு எழுதியபோது, அதைவிடப் பொருத்தமாக என்னாலும் சொல்ல முடியவில்லை.

ஆறாம் பாடவேளை: ஏட்டிலும் கணினியிலும் அமைத்தல்

ஏட்டில் தலைப்பு நடுவில். உட்தலைப்பு இடது ஓரத்தில், மேலே ஒரு வரி இடைவெளியுடன். சிறுதலைப்பு ஒரு விரல் உள்ளே தள்ளி. மூன்றையும் கறுப்பு மையில் எழுதி, உட்தலைப்பை மட்டும் அடிக்கோடிடலாம். எல்லாவற்றையும் அடிக்கோடிட்டு, வண்ணப் பேனாவால் பூவேலையும் செய்தால் எது எதற்குள் அடங்கியது என்று தெரியாது. தலைப்பின் முடிவில் முற்றுப்புள்ளி வேண்டாம். பக்கத்தின் கடைசி வரியில் உட்தலைப்பு தனித்து நின்றால் அதை அடுத்த பக்கத்துக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள்.

பள்ளியில் கணினி ஆய்வகம் இருந்தால் அதே கட்டுரையைத் தட்டச்சுச் செய்ய வையுங்கள். எழுத்தைப் பெரிதாக்கித் தடிப்பாக்குவதோடு நின்றுவிடாமல், சொற்செயலியில் உள்ள தலைப்புப் பாணிகளைத் தேர்ந்து, முதல் நிலை, இரண்டாம் நிலை என்று குறிக்கக் கற்றுக்கொடுங்கள். அப்படிக் குறித்தால் பொருளடக்கம் தானாகவே உருவாகும். இன்னொரு பயனும் இருக்கிறது. அது எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. பார்வையற்றோர் திரைவாசிப்பு மென்பொருளின் துணையுடன் வலைப்பக்கங்களைப் படிக்கும்போது, ‘எச்’ விசையை அழுத்தி ஒரு தலைப்பிலிருந்து அடுத்த தலைப்புக்குத் தாவிச் செல்கிறார்கள். வெறுமனே பெரிதாக்கிய எழுத்தை அந்த மென்பொருள் தலைப்பாகக் கொள்ளாது. முழுப் பக்கத்தையும் கேட்டுத்தான் தேட வேண்டியிருக்கும். முதல் பாடவேளையில் தலைப்பில்லாத தாளில் தேடித் தவித்த மாணவர்களுக்கு இது உடனே விளங்கும்.

திருத்தும்போது

ஏட்டை உங்களிடம் கொடுக்குமுன் மாணவர்கள் தங்களுக்குள் மாற்றிக்கொள்ளட்டும். பக்கத்தில் இருப்பவர் தலைப்பையும் உட்தலைப்புகளையும் மட்டும் படித்துவிட்டு, கட்டுரை என்ன சொல்கிறது என்று வாய்மொழியாகச் சொல்ல வேண்டும். அவர் சொன்னதற்கும் எழுதியதற்கும் எங்கே பொருத்தமில்லையோ, அந்த உட்தலைப்பை எழுதியவரே மாற்றிக்கொள்வார்.

நீங்கள் திருத்தும்போது நன்னூல் கூறும் பத்துக் குற்றங்களில் மூன்றை மட்டும் கண்ணில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு உட்தலைப்புகளின் கீழ் ஒரே செய்தி வந்தால் ‘கூறியது கூறல்’. சந்தை பற்றிய பகுதியில் சித்திரைத் திருவிழா விரிந்துகொண்டே போனால் ‘மற்றொன்று விரித்தல்’. முதல் பகுதி ஒரு பக்கமும் கடைசிப் பகுதி ஒன்றரை வரியுமாக இளைத்துப் போனால் ‘சென்று தேய்ந்திறுதல்’. ஓரத்தில் கூ, ம, செ என்று எழுத்தை மட்டும் இட்டு, பிழையை மாணவரே கண்டுபிடிக்க விடுங்கள். கிடைத்த பலன் வாரந்தோறும் தெரியும். கூறியது கூறல்தான் முதலில் மறைகிறது, சென்று தேய்ந்திறுதல் ஆண்டு இறுதி வரைகூட நீடிக்கிறது.

தலைப்பு இட்டுப் பழகிய வேகத்தில் சிலர் கடிதத்துக்கும் கதைக்கும்கூட உட்தலைப்பு எழுதத் தொடங்குவார்கள். அரைப்பக்க அளவிலான எழுத்துக்கும், சொல்லிச் செல்லும் கதைக்கும், உறவினருக்கு எழுதும் கடிதத்துக்கும் அது தேவையில்லை. அங்கே பத்தி பிரிப்பதே போதும். இரண்டாவது கட்டுரைக்கு வேறு பொருளைக் கொடுக்கும்போது சீட்டுகளை எடுத்துவிடாதீர்கள். மூன்றாவது கட்டுரையில், சீட்டு இல்லாமல் ஏட்டின் கடைசிப் பக்கத்திலேயே செய்திகளை எழுதி, சேரக்கூடியவற்றுக்கு ஒரே எண் இட்டு வகைப்படுத்தச் சொல்லுங்கள். அந்தக் கடைசிப் பக்கத்தையும் கட்டுரையோடு சேர்த்தே திருத்துங்கள்.